அம்பு ஒட்டாத நோட்டு

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் கம்பெனிப் பெண்பிள்ளைகளுக்கென்று முதலில் ஹாஸ்டல் கட்டியவள் நான். இல்லை, நாங்கள்தான் முதல் என்று யாராவது சொன்னால் என்னிடம் அழைத்து வாருங்கள், பேசிக்கொள்கிறேன். கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஆறில், அலுமினியக் குண்டானில் இட்லியைத் தலையில் சுமந்து, செம்மண் புழுதியில் சைட் சைட்டாக நடந்து விற்றவள். அப்புறம் கீற்றுக் கொட்டகையில் மெஸ். அப்புறம் மூன்று மாடி, நாற்பத்தெட்டுக் கட்டில். பிறகு வடக்குப்பட்டில் இன்னொரு கட்டடம். புருஷன் கையை எதிர்பார்த்ததில்லை, யார் காலிலும் விழுந்ததில்லை. மோட்டார் எத்தனை அடியில் இறங்கவேண்டும், எந்த அரிசி இரண்டாம் வேளைக்குக் குழைந்துபோகும், எந்தப் பெண் பொய் சொல்கிறாள், எல்லாம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.

படிப்பு மட்டும் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டும் ரேஷன் கார்டும் வக்கீல் நோட்டீசும் நானே படித்துத் தெரிந்துகொண்டவைதான். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகும், அவ்வளவுதான் குறை.

நான் ஜெயித்த கதையை ஊரில் எல்லாரும் கேட்டாயிற்று. பலர் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். இது அந்தக் கதை இல்லை.

ஹாஸ்டல் ஹாலில் பெரிய டிவி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். சாயங்காலம் ஒரு சீரியல் வரும். அக்காள் தங்கை இரண்டு பேர் கதை. மூத்தவள் எல்லாருக்கும் உழைத்துக் கொட்டுவாள், எல்லாரும் அவளையே ஏசுவார்கள். அதைப் பார்க்க ஷிப்ட் முடிந்து வந்தவள் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை மூத்தவள் வீட்டைவிட்டுக் கிளம்பி ரயிலில் ஏறினாள். மறுநாள் தங்கச்சிக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் பண்ணிவைத்து, முற்றும் என்று போட்டுவிட்டார்கள்.

ஹாலில் ஒரே கூச்சல்.

"இன்னாடி, முடிஞ்சிடுச்சா?"

"முற்றும்னு போட்டான்ல, கண்ணு தெரியல?"

"அப்ப மூத்தவ? ரயில் ஏறுனவ எங்கடி எறங்குனா?"

"உங்க அப்பன் வூட்ல எறங்கிக்கீறா, போய் பாரு."

சிரித்தார்கள். ஆனால் இரண்டு நாள் சாப்பாட்டு வரிசையில் இதே பேச்சுதான். ரயிலில் ஏறி வந்தவர்கள்தானே அந்த ஹாலில் பாதிப் பேர்.

மூன்றாம் நாள் விளாத்திகுளத்துப் பெண் ஒருத்தி நீள நோட்டு ஒன்று வாங்கிவந்தாள். கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை, மெலிந்த உடம்பு, வாய் திறக்கமாட்டாள். அவள் அந்த நோட்டில் சீரியல் விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். மூத்தவள் சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷனில் இறங்குகிறாள், ஷேர் ஆட்டோ பிடிக்கிறாள், ஒரகடத்தில் கம்பெனியில் சேருகிறாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கதைக்காரி என்று பேராயிற்று.

எங்கள் ஹாஸ்டலில் அப்போது ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருத்தி ஷிப்டுக்குப் போனால் மற்றவள் வந்து படுப்பாள். போகிறவள் நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள், வருகிறவள் எடுத்துப் படிப்பாள். அப்படியே கட்டில் கட்டிலாக நாற்பத்தெட்டுக் கட்டிலையும் சுற்றி வரும். படித்தவர்கள் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதவேண்டும் என்று அவர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். 'சூப்பர்டி.' 'அழுதுட்டேன்.' 'அடுத்த பாகம் எப்போ?' 'சீரியல் எடுத்தவன் உன்கிட்ட வந்து கத்துக்கணும்.' சிலர் இருதயம் படம் போட்டு அம்பு விட்டிருப்பார்கள்.

ஆனால் வேறு ஓர் அம்பும் நோட்டில் வந்தது. அதைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

செய்யாற்றுப் பெண் ஒருத்தி இருந்தாள். கதைக்காரியைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். வேறொரு கம்பெனியில் பிளாஸ்டிக் பார்ட்டுகளைச் சோதித்துப் பார்க்கிற க்யூசி வேலை. கீறல், குழி, கறை எங்கே இருக்கிறதோ அங்கே நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். பொழுதெல்லாம் அதுதான் வேலை. ஸ்டிக்கர்கள் சட்டைக் கையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்கும் வந்துவிடும். அவற்றை உரித்துக் கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பாள். நோட்டு அவள் கட்டிலுக்கு வந்துபோனால் நாலைந்து வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு நிற்கும். கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கம் எழுதியிருப்பாள்.

முதல் தடவை எழுதியதை ஒருத்தி ஹாலில் உரக்கப் படித்தாள். 'மூத்தவள் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரு தடவைகூட அவளுக்குக் கால் வலிக்கவில்லை. பாத்ரூம் போக லைன் லீடரிடம் கை தூக்கவில்லை. இவள் யார்? இவளை எனக்குத் தெரியாது.'

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"கம்பெனில எங்ககிட்ட குத்தம் கண்டுபுடிக்கறது பத்தலியா? இங்கியும் ஆரம்பிச்சிட்டியா?"

"க்யூசிக்காரிக்கு தூக்கத்துலயும் அம்புதான்டி."

"கல்யாணத்தன்னிக்கு மாப்ள மூக்குல ஒட்டிடப் போற, பாத்து."

அவர்கள் கோபத்துக்கு அர்த்தம் உண்டு. அம்பு ஒட்டிய பீஸ் யார் கை வழியாக வந்ததோ அவள் மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் தலை குனிந்து நிற்கவேண்டும். செய்யாறுக்காரி, "மாப்ள மூக்கு கோணலா இருந்தா ஒட்டத்தான் செய்வேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

கதைக்காரி அன்று அழுதாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். ஆனால் அடுத்த வாரம் அதே பாகத்தை மறுபடி எழுதிக் கொண்டுவந்தாள். அதில் மூத்தவள் பாத்ரூம் போகக் கை தூக்குகிறாள். லைன் லீடர் பார்த்தும் பார்க்காததுபோல் நிற்கிறான். மூத்தவள் கையை இறக்காமலே மற்ற கையால் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் சாப்பாட்டு ஹாலில் படித்தபோது முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் மீன்குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நல்லாயிருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. எதனால் நல்லாயிற்று என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் நோட்டை உரக்கப் படிப்பது என் ஏற்பாடு. என் ஹாஸ்டலில் ஓர் எழுத்தாளி இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்து ஹாஸ்டல்காரர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. "உங்க வூட்ல ஏசி இருக்கும், என் வூட்ல கதை இருக்கு" என்பேன். அந்தப் பெருமையில் ஒருநாள் கதைக்காரியைக் கூப்பிட்டு, "இன்னாடி, மூத்தவ எங்கதான் தங்கிக்கீறா? அந்த ஹாஸ்டலுக்கு ஒரு அம்மா கிடையாதா?" என்று கேட்டேன். அவள் புரிந்துகொண்டாள்.

அடுத்த பாகத்தில் ஹாஸ்டல் அம்மா வந்தாள். மஞ்சள் பூசிய முகம், வாய் நிறையச் சிரிப்பு. பசியோடு வந்த மூத்தவளைக் கேள்வி கேட்காமல் உட்காரவைத்துத் தன் கையால் ஊட்டிவிடுகிறாள். காய்ச்சலில் படுத்த பெண்ணுக்குக் கால் பிடித்துவிடுகிறாள். அதே பாகத்தில் மூத்தவள் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற இடமும் இருந்தது. நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. ஹாஸ்டல் அம்மா வருகிற இடத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மெஸ் சமையல்காரியை அழைத்துவந்து நாலாம் தடவையும் படிக்கவைத்தேன்.

அந்தப் பாகம் செய்யாறுக்காரியின் கட்டிலுக்குப் போய்வந்தது. கட்டில் விரிப்பு மாற்றப் போன நான் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஹாஸ்டல் அம்மா ஊட்டிவிடுகிற வரிக்குப் பக்கத்தில் அம்பு. கால் பிடிக்கிற வரிக்குப் பக்கத்தில் அம்பு. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஒன்பது. கடைசியில் இந்தத் தடவை அரைப்பக்கம் இல்லை, மூன்று பக்கம் எழுதியிருந்தாள்.

கட்டிலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பக்கத்தின் நடுவிலேயே அது இருந்தது. 'ஹாஸ்டல் அம்மா காலண்டர் படம் மாதிரி இருக்காங்க. மோட்டார் ரிப்பேராகி நாலு நாள் தண்ணி வராதப்போ, மேல் மாடி பாத்ரூமைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போன அம்மாவை நீ பார்த்திருக்கிறாய். அதையும் எழுது. அப்போதுதான் இந்த அம்மா உயிரோடு இருப்பாங்க.'

பூட்டினேன். ஆமாம். டேங்கர் தண்ணீரை நாற்பத்தெட்டுக் கட்டிலுக்குப் பங்கு வைத்துப் பார்த்திருந்தால் தெரியும் ஏன் பூட்டினேன் என்று. ஆனால் அதைப் படித்தபோது என் காது இரண்டும் எரிந்தது. அதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. காய் நறுக்குகிற இடத்திலிருந்து பிளேடு எடுத்துவந்து மூன்று பக்கத்தையும் தையல் ஓரமாக அறுத்தேன். ஒன்பது அம்பையும் நகத்தால் உரித்தேன். உரித்தால் தடம் தெரியாமல் வரவேண்டும் என்றே செய்த ஸ்டிக்கர் அது. காகிதத்தில் ஒரு சுவடு இல்லை. மூன்று பக்கமும் மெஸ் அடுப்புக்குள் போயிற்று.

ஷிப்ட் முடிந்து வந்தவளை வாசலிலேயே நிறுத்தினேன்.

"இன்னாடி எழுதி வெச்சிக்கீற நோட்டுல?"

"பாத்தீங்களாம்மா?"

"என் சோத்தத் தின்னுகினு எனக்கே அம்பு ஒட்றியா நீ?"

"உங்களுக்கு ஒட்டலம்மா. கதைக்கு ஒட்டுனேன்."

"அந்தப் பொண்ணு கையொடிய எழுதுது. எல்லாரும் நல்லாக்கீதுன்னு சொல்றாளுங்கோ. நீ ஒருத்தி மட்டும் ரிஜக்ட் பண்ணுவியா?"

"ரிஜக்ட் இல்லம்மா." அவள் குரல் உயரவில்லை. "ரிஜக்ட் பீசுக்கு யாரும் அம்பு ஒட்ட மாட்டாங்கோ. அத அப்டியே சிவப்பு டப்பால போட்ருவாங்கோ. சரி பண்ணிடலாம்னு கீற பீசுக்குத்தான் அம்பு. எங்கன்னு காட்டணும் இல்ல?"

"லைன் கதையெல்லாம் உங்க சூப்பர்வைசர்கிட்ட பேசு. நீ எழுதறதப் படிச்சிட்டு அந்தப் பொண்ணு அழுதுகினே கீது. என் மூஞ்சிலயே முழிக்காதன்னு சொல்லச் சொல்லிட்டு காலைல ஊருக்குப் போயிட்டா."

கதைக்காரி லீவில் ஊருக்குப் போனது நிஜம், ஆனால் அப்படிச் சொல்லவே இல்லை. என் வாயில் வந்தது, சொன்னேன்.

"அப்டியா சொன்னா?"

"பொய்யா சொல்றேன் நானு?"

மறுநாளே அவளை வடக்குப்பட்டுக் கட்டடத்துக்கு மாற்றினேன். உன் கம்பெனி பஸ் அங்கே வாசலுக்கே வருகிறது, உனக்கு நல்லதுதானே என்றேன். அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள். கட்டில் கம்பியில் ஒட்டியிருந்த அம்புகளை நான் ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். கதைக்காரியின் மனசைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அன்று எல்லாரிடமும் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுகமாக இருக்கும். ஆனால் ஹாஸ்டல் அம்மா வராத பாகமாக இருந்திருந்தால் நான் பிளேடைத் தேடியிருக்கமாட்டேன். அது அன்றே எனக்குத் தெரியும்.

கதைக்காரி ஊரிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக நோட்டை எடுத்துப் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, செய்யாத்தக்கா படிச்சிட்டாளா?"

"படிச்சிட்டுத்தான் வடக்குப்பட்டுக்குப் போனா."

"ஒண்ணும் ஒட்டலியே?"

"ஒட்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

அந்த முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. "பாஸாயிருச்சாம்மா? அவளே சொன்னாளா?"

"பாஸுன்னுதான் சொல்லிட்டுப் போனா."

"ரெண்டு மட்டம் போன் போட்டேன், எடுக்கலியே. ஓ.டி.யா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறி ஓடினாள். அந்தப் பெண் படியேறி ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் மனுஷர் எப்படித் துளிர்க்கிறார் பார் என்று சமையல்காரியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் எழுதிய வேகத்தைச் சொல்லவேண்டும். வாரத்துக்கு இரண்டு பாகம். எல்லாவற்றிலும் மூத்தவள் ஜெயித்துக்கொண்டே போனாள். ஒரே மாதத்தில் சூப்பர்வைசர் ஆனாள். மேனேஜர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். ஹாஸ்டல் அம்மா கையைத் தூக்கினால் மழை நின்றது. கடைசிப் பக்கங்களில் 'சூப்பர்', 'சூப்பர்', 'சூப்பர்'. ஞாயிற்றுக்கிழமைகளில் கைதட்டல். நான் எல்லாரையும்விட உரக்கத் தட்டினேன்.

அடுத்த வருஷம் டச் போன் வந்தது. கட்டிலுக்கு ஒன்று என்று ஆயிற்று. அந்த சீரியலை விரும்பினவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். மதுரை, மலேசியா, எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள். அவர்களில் பலரும் அதே சீரியலுக்கு ஆளுக்கொரு முடிவு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். உன்னுடையதையும் போடு என்று எல்லாரும் கதைக்காரியைப் பிடித்து உலுக்கினார்கள். முதல் ஆளாக உலுக்கியது நான். அவள் நோட்டைப் பார்த்துப் பார்த்து விரலால் தட்டி வாரம் ஒரு பாகம் போட்டாள்.

முதல் ஏழு பாகத்துக்கு வந்த பதில்களை அவளே என்னிடம் படித்துக் காட்டினாள். 'நீங்க கம்பெனியில வேலை செய்றீங்களா சிஸ்டர்?' 'அந்தக் கை தூக்குற இடத்தைப் படிச்சிட்டு என் தங்கச்சிக்கு போன் பண்ணேன்.' ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த ஏழும் அம்பு ஒட்டித் திருத்தி எழுதியவை. எட்டாவதிலிருந்து ஒட்டாதவை.

பதினொன்றாவதையும் போட்டு ஒரு வாரம் கழித்து, காலையில் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். போனை என் பக்கம் திருப்பினாள்.

"படிங்கம்மா."

"கண்ணாடி இல்ல. நீயே படி."

படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "இந்த ஹாஸ்டல் அம்மா யாரு, ரைட்டருக்குச் சொந்தக்காரங்களா? கீழ பத்து பேர் சிரிச்சிருக்காக. அடுத்தது, மேனேஜர் ஷாப் ஃப்ளோருக்கு வந்தாரா, குதிரையில வந்தாரா? இன்னொருத்தர், ஏழு பாகம் எழுதினவங்களும் இவங்களும் ஒரே ஆளா?" போனை மடியில் வைத்துக்கொண்டாள். "இதுதாம்மா. மத்தவுக சிரிச்சத விடுங்க. இது மட்டும் எப்பிடி எழுதிருக்காக பாருங்க."

"ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் பேசுவான். பொறாமை புடிச்சவனுங்கோ. நீ எழுது."

"செய்யாத்தக்கா பாஸுன்னு சொன்னான்னு சொன்னீகளே?"

இன்னொரு கத்தரிக்காயை எடுத்து நறுக்கினேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வடக்குப்பட்டு இரண்டு பஸ் ஸ்டாப் தூரம்தான். இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திட்டு வாங்கியிருந்தால் என் தலை என்ன உருண்டுபோயிருக்குமா? இட்லிக் குண்டான் சுமந்த தலை.

"ஆமா. சொன்னா" என்றேன்.

"அப்ப அவ இத ஒழுங்காப் படிக்கல." போனை அணைத்துவிட்டு, "என்னத்துக்குப் படிக்கணும்? போறவ பேருக்குச் சொல்லிட்டுப் போயிட்டா" என்றாள். எழுந்து போகும்போது என் நறுக்கலில் சிதறிய காம்புகளைக்கூடக் கூட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் போனாள். அப்படிப்பட்ட பெண்.

அதோடு எழுதுவதை விட்டுவிட்டாள். போனில் போட்டதை எல்லாம் அழித்துவிட்டாள். ஹாலில் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"மூத்தவ இன்னாடி ஆனா? அந்த மேனேஜர கட்டிக்கினாளா இல்லியா?"

"ஊருக்குப் போயிட்டா" என்பாள்.

சூப்பர் என்று எழுதியவர்கள் ஒரு மாதத்தில் மறந்துபோனார்கள். வேறு சீரியல் வந்தது. கான்டிராக்ட் முடிந்து கதைக்காரி ஊருக்குக் கிளம்பிய அன்று காலில் விழுந்து கும்பிட்டாள். "எனக்கு நீங்க நல்லது தவிர வேற நெனச்சதில்லம்மா" என்றாள். ஆசீர்வாதம் பண்ணினேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஒரு கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குப் போயிருந்தேன். அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரில் செய்யாறுக்காரி. இடுப்பில் குழந்தை. கல்யாணமாகி அங்கேயே குடியிருக்கிறாளாம். இப்போதும் க்யூசிதான், சீனியராம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். "அம்மா, நல்லாக்கீறீங்களா? இளைச்சிட்டீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நிமிஷம் பொதுவாகப் பேசினோம். பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எழுதுதாம்மா?"

"இல்ல. வுட்டுட்டா."

"ஏம்மா? அவளுக்கு நல்லா வருமே." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "நான் அந்த மூணு பக்கம் எழுதுனேன் பாருங்க, அதப் படிச்சிட்டு ரொம்ப மனசு ஒடஞ்சிட்டாளா? என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லியே. கடைசிப் பக்கம் முழுக்க நல்லதுதானே எழுதிருந்தேன்?"

"நல்லதா?"

"நீங்க படிக்கலியா? மூத்தவ பொங்கலுக்கு ஊருக்குப் போறா இல்ல? டிபன் டப்பாவத் தொறக்காமலே மடியில வெச்சிகினு போறா. ஊர் ஸ்டேஷன் வருது. எறங்காம அப்டியே உக்காந்துகினு கீறா. வண்டி நவுருது. அத ரெண்டாவது தபா படிச்சிட்டு நான் பஸ்ஸ வுட்டுட்டேம்மா. அன்னிக்கு எனக்கு ஆப்சென்ட். அதத்தான் எழுதுனேன். இது ஒண்ணு போதும்டி, மத்ததையெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி சரி பண்ணுன்னு எழுதுனேன்."

மலைக்கு மேலே மணி அடித்தது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு ஏறியது. அவளைப் படிக்கட்டு ஓரமாக இழுத்து நிறுத்தினேன். அப்புறம் சொன்னேன். அந்தப் பெண் அதைப் படிக்கவே இல்லை, மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்று அவள் சொல்லவும் இல்லை, அறுத்தது நான், அடுப்பில் போட்டதும் நான்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நானும் ஒரு தபா நேர்ல போய் கேட்ருக்கணும்" என்றாள். "ரோஷம். அவளே போட்ட போன நான் எடுக்கல." குழந்தை அழ ஆரம்பித்ததால் தன் நம்பரைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் மலை ஏறவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கதைக்காரியின் ஊர் நம்பரைத் தேடிப் பிடிக்க நாலு நாள் ஆயிற்று. பழைய பெண்கள் இரண்டு மூன்று பேரைக் கேட்டு வாங்கினேன். கூப்பிட்டதும் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். கல்யாணமாகிவிட்டது, பிள்ளை ஒன்று, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வருகிறாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"மூணு பக்கமா எழுதிருந்தா?"

"ஆமாடி."

"எப்பவும் அரைப் பக்கம் தாண்ட மாட்டாளே."

"அந்த ரயில் எடம் அவ்ளோ நல்லாக்கீதாம். அதப் படிச்சிட்டு பஸ்ஸ வுட்டுட்டாளாம். உன்கிட்ட சொல்லச் சொன்னா" என்றேன். சொல்லச் சொல்லவில்லை, ஆனால் இதைப் பொய் என்று யாரும் என்மேல் சாட்டமாட்டார்கள்.

"அது இருக்கட்டும்மா. மத்ததெல்லாம் என்ன சொல்லிருந்தா? எங்கெங்க ஒட்டிருந்தா?"

ஒன்பது அம்பு. ஒவ்வொன்றையும் நகத்தால் உரித்தவள் நான். எந்த எந்த வரிக்குப் பக்கத்தில் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஹாஸ்டல் அம்மாவின் இரண்டைத் தவிர மற்ற ஏழும் ஞாபகத்தில் இல்லை. அவற்றை நான் பார்க்கவே இல்லை.

"தெரியலடி" என்றேன்.

"சரிம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவ நம்பர் இருக்கா?"

"கீது. எழுதிக்கோ."

"இருங்க, பேனா எங்கன்னு பாக்கேன்." போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பெட்டி திறக்கிற சத்தம், பிள்ளையிடம் ஏதோ கேட்கிற சத்தம், தகர டப்பா ஒன்று உருளுகிற சத்தம். நான் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து மூச்சு வாங்க வந்தாள்.

"கெடைக்கலம்மா. நீங்க சொல்லுங்க, மனசுல வச்சுக்கிடுதேன்."

ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் என் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். முடிந்ததும் ஒருமுறை முதலிலிருந்து அவளாகவே சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஓர் எண் தப்பாக வந்தது. திருத்தினேன்.